இரண்டு அங்குல லிஃப்ட்: ஜிம்னியை உயர்த்தும் முறை

ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை எவ்வளவு தூக்கினாலும் ஆக்சில் இருந்த உயரத்தில்தான் இருக்கும். முன்னும் பின்னும் முழு ஆக்சில் கொண்ட ஜிம்னி போன்ற வண்டியில் தரைக்கு மிக நெருங்கித் தொங்குவது டிஃபரென்ஷியல் ஹவுசிங். பாறைத் தடத்தில் முதலில் இடிபடுவதும் அதுதான். மாருதி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸோடு இரண்டு அங்குல லிஃப்ட் ஒரு மி.மீ.கூடச் சேர்ப்பதில்லை. அதைக் கூட்ட வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். அந்தப் பெரிய டயருக்கு இடம் பண்ணிக் கொடுப்பதுதான் லிஃப்ட்டின் முதல் வேலை.

வேறு இரண்டு பலன்களும் உண்டு. ஒன்று, வண்டியின் வயிறு. ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, அதன் வீல்பேஸ் மூன்று கதவு வண்டியின் 2,250 மி.மீ.இலிருந்து 2,590 மி.மீ.க்கு நீண்டிருந்தது. பின் இருக்கையில் உட்காருபவருக்கு அது நல்லது, மேட்டின் உச்சியைக் கடக்கும்போது அல்ல. வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம் மூன்று கதவு வண்டியில் 28 டிகிரி, ஐந்து கதவு வண்டியில் 24. சேஸ் 50 மி.மீ. மேலே போனால், கணக்குப்படி அந்த நான்கு டிகிரியும் ஏறக்குறைய திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஐந்து கதவு ஜிம்னிக்கு லிஃப்ட் போடலாம் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது.

இன்னொன்று, சக்கரம் கீழே இறங்கும் தூரம். ஸ்பிரிங்கோடு ஷாக் அப்சார்பரும் நீளமாக இருந்தால், பள்ளத்தின் மேல் தொங்கும் சக்கரம் இன்னும் கொஞ்சம் இறங்கித் தரையைப் பிடிக்கும். ஷாக்கை அப்படியே விட்டு ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் இந்தப் பலன் கிடைக்காததோடு, முன்பு இறங்கிய அளவுகூட இறங்காது. வண்டி வாசலில் நிற்கும்போது கம்பீரமாகத் தெரியும், தடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்.

எந்த டயர், எவ்வளவு உயரம்

கம்பெனியிலிருந்து வரும் டயர் 195/80 ஆர்15. அதன் விட்டம் 693 மி.மீ. பலரும் அடுத்துப் போடும் 215/75 ஆர்15 டயரின் விட்டம் 703 மி.மீ. சொச்சம். பத்து மி.மீ. வித்தியாசத்துக்காக லிஃப்ட் தேவையில்லை. 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733 மி.மீ.க்கு வரும். விட்டத்தில் 40 கூடினால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, 20 மி.மீ. இந்த 20 மி.மீ. காகிதத்தில் சிறிதாகத் தெரியலாம். டிஃபரென்ஷியல் பாறையை உரசிக்கொண்டு போவதற்கும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவதற்கும் இடையிலான வித்தியாசம் பல இடங்களில் இவ்வளவுதான்.

இதற்கு விலையும் உண்டு. டயர் சுமார் ஆறு சதவீதம் பெரிதாவதால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் ஏறத்தாழ 106இல் போய்க்கொண்டிருப்பீர்கள். எல்லா கியரும் அதே ஆறு சதவீதம் சோம்பிப்போகும். ஜிம்னியின் லோ ரேஞ்ச் விகிதம் 2.002 மட்டுமே. செங்குத்தான ஏற்றத்தில் அது முன்பே சற்றுத் திணறும். அதனால் 1,200 கிலோ எடையும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் உள்ள இந்த வண்டிக்கு 235/75 ஆர்15 டயரும் 50 மி.மீ. லிஃப்ட்டும்தான் எல்லை என்பது என் முடிவு. மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று போகிறவர்கள் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்சில் ஆர்ம், பிரேக் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அந்தச் செலவில் நல்ல டிஃபரென்ஷியல் லாக்கர் ஒன்று பொருத்திவிடலாம், அது இன்னும் அதிக இடங்களைக் கடக்க வைக்கும்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று கேட்டால்: முதலில் நல்ல ஆல் டெரெய்ன் டயர், அடுத்து முன்னும் பின்னும் உறுதியான இழுவைக் கொக்கி, பிறகுதான் லிஃப்ட். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய மஹிந்திரா வண்டிகள்தான். எந்தக் கல்லின் மேல் சக்கரத்தை ஏற்ற வேண்டும், எந்தக் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடக் கூடாது என்பது அந்த ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். உங்களுக்கு அந்தக் கணிப்பு வரும்வரை வண்டியைக் கம்பெனி உயரத்திலேயே ஓட்டிப் பழகுங்கள். எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று தெரிந்த பிறகு போடுகிற லிஃப்ட்தான் பயன்படும்.

இந்த அத்தியாயம் முழுக்க ஜிம்னியைப் பற்றியது. 2020இல் வந்த தார் வண்டிக்கு முன்பக்கம் முழு ஆக்சில் கிடையாது. இரட்டை விஷ்போனும் ஷாக்கைச் சுற்றிய ஸ்பிரிங்கும்தான். அதை உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் சி.வி. ஜாயிண்ட் எவ்வளவு கோணம் தாங்கும் என்பதே முதல் கேள்வி. ஸ்பிரிங்கை எடுக்க கம்ப்ரஸரும் வேண்டும், அது பழகிய கைக்கு மட்டுமே உரிய வேலை. ஜிப்ஸிக்கு நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், அங்கே முறையே வேறு. இங்கே சொல்வதை அந்த வண்டிகளுக்கு அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

சட்டம்

கிட் வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கண்டிப்பான பொருளே கொண்டது. தயாரிப்பாளரின் அசல் அமைப்புக்கு முரணாக மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இத்தகைய மாற்றத்தைத்தான். வாரன்டியிலும் சிக்கல் வரும்.

ஆகவே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தனியார் தடத்திலும் போட்டியிலும் மட்டும் ஓடும் வண்டியாக வைத்துக்கொண்டு, டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. கழற்றிய ஸ்பிரிங், ஷாக், போல்ட் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அசல் நிலைக்குத் திருப்ப வேண்டிய நாள் வந்தால் அவைதான் கைகொடுக்கும்.

உயர்த்தினால் எதெல்லாம் நகரும்

ஜிம்னியின் ஒவ்வொரு ஆக்சிலையும் மூன்று கம்பிகள் பிடித்திருக்கின்றன. நீளவாக்கில் இரண்டு ஆர்ம், குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறதே தவிர ஆக்சிலை இடத்தில் நிறுத்துவதில்லை. அந்த வேலை இந்த மூன்று கம்பிகளுடையது. வண்டி உயரும்போது மூன்றும் சாய்கின்றன, அவற்றோடு ஆக்சிலும் கொஞ்சம் நகர்கிறது. லிஃப்ட் பொருத்துவதில் யோசிக்க வேண்டிய பகுதி முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

முன் ஆர்ம்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஆக்சிலை இரண்டு புஷ் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் சேஸில் ஒரு புஷ்ஷில் முடிகிறது. சேஸ் மேலே போனால் ஆர்மின் பின்முனையும் மேலே போகும். ஆக்சில் அதோடு இறுகியிருப்பதால், ஆர்ம் சாய்ந்த அதே கோணத்துக்கு ஆக்சிலும் உருளும். ஆர்மின் நீளம் 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. லிஃப்ட்டுக்கு ஏறத்தாழ 3.8 டிகிரி. அவ்வளவும் காஸ்டரிலிருந்து கழிகிறது.

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுபோல, முன்சக்கரம் திரும்பும் அச்சும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதும், நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் போவதும் அதனால்தான். அது குறைந்தால் ஸ்டீயரிங் இலேசாகி, லாரி கடந்துபோகும் காற்றுக்கே வண்டி ஒதுங்கும். இன்னும் குறைந்தால் 70, 80 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆடத் தொடங்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்து அந்த ஆட்டத்தை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். ஸ்டீயரிங் டேம்பரை மாற்றினால் சரியாகிவிடும் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். சில மாதத்துக்கு ஆட்டம் தெரியாமல் இருக்கும். காரணம் அப்படியே இருப்பதால் டேம்பர் களைத்ததும் திரும்ப வரும். காஸ்டரைத் திருத்தாமல் விட்ட லிஃப்ட் அரைகுறை வேலை.

திருத்துவதற்கு மூன்று வழிகள். துளை மையத்திலிருந்து விலகிய புஷ்ஷை ஆர்மில் ஏற்றுவது, ஆர்மின் சேஸ் முனையைத் தாழ்த்தும் பிராக்கெட் வைப்பது, கோணம் திருத்திய புதிய ஆர்மே வாங்குவது. பிராக்கெட் மலிவு, எளிது. ஆனால் நீங்கள் சேஸை உயர்த்திச் சம்பாதித்த இடத்திலேயே அது கீழே தொங்கிப் பாறையில் மாட்டும். இரண்டு அங்குலத்துக்கு விலகுதுளை புஷ் போதும், நான் பரிந்துரைப்பதும் அதையே. புதிய ஆர்ம் எல்லாவற்றிலும் சிறந்தது, விலையும் அதற்கேற்ப.

முன் டிஃபரென்ஷியலின் பினியனும் காஸ்டரும் ஒரே ஹவுசிங்கில் இருப்பதால் இங்கே ஓர் இழுபறி உண்டு. காஸ்டரைக் கூட்ட ஆக்சிலைப் பின்னோக்கி உருட்டினால் பினியன் மூக்கு கீழே குனியும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸில் கோணம் கூடும். அதனால் காஸ்டர் முழுவதையும் மீட்க முயல வேண்டாம். ஸ்டீயரிங் தானாகத் திரும்பும் அளவுக்கு வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது பான்ஹார்ட் ராடு. அதன் ஒரு முனை சேஸில், மறுமுனை ஆக்சிலில். சேஸ் உயர்ந்தால் ராடு கூடுதலாகச் சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். எவ்வளவு என்பது முதலில் அது எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது. 80 செ.மீ. ராடு படுக்கையாக இருந்தால் 50 மி.மீ. லிஃப்ட்டுக்கு ஒன்றரை மி.மீ. சொச்சம்தான் இழுக்கும். முன்பே 100 மி.மீ. சாய்வில் இருந்தால் அதே லிஃப்ட்டுக்கு 8 மி.மீ. இழுத்துவிடும். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்க டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்துவது அப்போது கண்ணுக்கே தெரியும். நீளத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய ராடு இதற்குப் போதும். முன்பக்க ராடைப் பிராக்கெட் வைத்துத் தாழ்த்தாதீர்கள். அதுவும் ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க்கும் இணையாக ஓட வேண்டியவை. ஒன்றை மட்டும் தாழ்த்தினால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

மற்றவை கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டியவை. பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். சென்சார் வயர், ஆக்சிலின் பிரீதர் குழாய், ஆக்சிலுக்குப் போகும் மற்ற மெல்லிய குழாய்கள், முன் ஆன்ட்டி ரோல் பாரின் லிங்க் என எல்லாமே சேஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்குகின்றன. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது எதுவும் விறைக்கக் கூடாது.

கிட் வாங்கும்போது

ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைப்பது மலிவான வழி. வண்டி உயரும், மென்மை மாறாது. ஆனால் பழைய ஷாக்கின் விரியும் தூரத்திலிருந்து 50 மி.மீ.ஐ அது தின்றுவிடும். ரோட்டில் மட்டும் ஓட்டுபவருக்கு லிஃப்ட்டே தேவையில்லை, தடத்தில் ஓட்டுபவருக்கு ஸ்பேசர் உதவாது. நீள ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து சேர்ந்து வருவதை வாங்குங்கள்.

ஸ்பிரிங்கின் விறைப்பு நீங்கள் ஏற்றும் எடைக்குப் பொருந்த வேண்டும். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் எளிதில் 60 கிலோ வந்துவிடும். அதற்கான கனத்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் முன்பக்கம் மூன்று அங்குலம் தூக்கி நிற்கும், ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். பின்னாளில் பம்பர் போடப் போகிறோம் என்று இப்போதே கனத்த ஸ்பிரிங் வாங்குவது வீண்.

பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு கிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாக வாங்குங்கள். நீள ஷாக் சுருங்கி முடியும் நீளமும் அதிகம். சக்கரம் மேலே வரும்போது பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன் ஷாக் முட்டினால், அந்த இடி முழுவதும் ஷாக்கின் மேல் பிடிப்பில் இறங்கி அதைப் பிய்த்துவிடும். பழைய ஷாக்கையும் புதிய ஷாக்கையும் முழுக்கச் சுருக்கி அளந்து பாருங்கள். அந்த வித்தியாசம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீட்டிப்பு வேண்டும்.

வேலை

சமதளமான சிமென்ட் தரை முதல் தேவை. மண் தரையில் ஸ்டாண்டு ஒரு பக்கம் அமிழும். நல்ல ஹைட்ராலிக் ஜாக் இரண்டு, ஸ்டாண்டு நான்கு, சக்கரத்துக்கு அணை கொடுக்கக் கட்டைகள், டார்க் ரெஞ்ச், துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின இரவே அடித்துவைக்கத் துருநீக்கி ஸ்பிரே. உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. எத்தனை வருடம் அனுபவம் இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

தொடங்குவதற்கு முன் நான்கு மூலையிலும் வீலின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து, பேப்பர் டேப்பில் எழுதி அந்தந்த ஃபெண்டரிலேயே ஒட்டிவிடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றும் கணக்கில் கலந்துவிடும், அதனால்தான் வீல் மையத்திலிருந்து. புதிய ஸ்பிரிங்குகளில் இடது, வலது என்று குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டுநர் எடையைக் கருதிச் சிலர் வலது ஸ்பிரிங்கைச் சற்று நீளமாகத் தருகிறார்கள்.

பின்பக்கம் எளிது, அங்கிருந்து தொடங்குங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளையும் ஆர்ம், பான்ஹார்ட் போல்ட்டுகளையும் வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். கழற்ற வேண்டாம், இளக்கினால் போதும். பிறகு தூக்கி சேஸுக்கு அடியில் ஸ்டாண்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக். சக்கரங்களைக் கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து, பான்ஹார்ட் ராடின் ஒரு முனையை விடுவித்து, பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் அவிழ்த்துவிட்டு ஜாக்கை மெல்ல இறக்குங்கள். இந்த நேரத்தில் உதவியாளின் கண் பிரேக் ஹோஸைவிட்டு அகலக் கூடாது. ஹோஸில் எடை விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கிழிந்துபோகும்.

ஆக்சில் போதுமான அளவு இறங்கியதும் ஸ்பிரிங் தளர்ந்து கைக்கு வந்துவிடும். முழு ஆக்சில் வண்டியின் பெரிய சௌகரியம் இது, கம்ப்ரஸர் தேவையே இல்லை. மேலிருக்கும் ரப்பர் இருக்கையைத் துடைத்துப் புதிய ஸ்பிரிங்கின் தலையில் வையுங்கள். கீழ் இருக்கையில் ஒரு சின்னப் படி இருக்கும். ஸ்பிரிங்கின் வெட்டுமுனை அந்தப் படியில் போய் முட்டி நிற்கும்வரை கையால் சுழற்றி உட்கார வைக்க வேண்டும். முட்டாமல் விட்டால் முதல் பயணத்திலேயே ஸ்பிரிங் தானாகச் சுழன்று உட்காரும், வண்டி ஒரு மூலையில் தாழ்ந்துவிடும். பம்ப் ஸ்டாப் நீட்டிப்பையும் இப்போதே பொருத்திவிடுங்கள், ஸ்பிரிங் உள்ளே போன பிறகு கை நுழையாது. ஷாக்கை மாட்டி, ஜாக்கை ஏற்றிக் கீழ் போல்ட்டைச் செருகுங்கள்.

முன்பக்கமும் இதே வரிசைதான். ஆன்ட்டி ரோல் பார் லிங்க்கையும் கழற்ற வேண்டியிருக்கும், ஏ.பி.எஸ். வயரின் கிளிப்புகளை விடுவிக்க வேண்டியிருக்கும். ஆர்ம்களை இறக்கி, பழைய புஷ்களைப் பிதுக்கி எடுத்துப் புதியவற்றை ஏற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். லேத் பட்டறைகளில் செய்து தருவார்கள். சுத்தியலால் அடித்து ஏற்றச் சம்மதிக்காதீர்கள். புதிய புஷ்ஷில் துளை எந்தப் பக்கம் விலகியிருக்க வேண்டும் என்று அம்புக்குறியோ கோடோ இருக்கும். ஆர்மைக் கொடுப்பதற்கு முன் நீங்களே பெயின்ட் பேனாவால் ஆர்மிலும் புஷ்ஷிலும் நேர்க்கோடு போட்டு, முன்பக்கம் எது, மேல்பக்கம் எது என்று எழுதிக் கொடுங்கள். துளை தலைகீழாகப் போய்விட்டால் காஸ்டரைத் திருத்த வேண்டிய புஷ் அதை இன்னும் குறைத்துவிடும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம், வண்டி ஓடும்போதுதான் தெரியும்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றதும் டார்க் ரெஞ்ச்சை எடுத்துவிடாதீர்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் ஆர்ம் போல்ட்டையும் பான்ஹார்ட் போல்ட்டையும் முறுக்குவதுதான் பட்டறைகளில் மிக அதிகம் நடக்கும் தவறு. புஷ்ஷின் ரப்பர், நடு இரும்புக் குழலோடு ஒட்டியது. போல்ட்டை இறுக்கியதும் குழல் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு ஆர்மின் ஒவ்வோர் அசைவும் ரப்பரை முறுக்கும். தொங்கிய நிலையில் பூட்டிவிட்டால், வண்டி சாதாரணமாக நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். வண்டியும் இயல்பைவிட உயரமாகவும் விறைப்பாகவும் நிற்கும். எனவே போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பம்பரை அழுத்தி ஆட்டிவிட்டுப் பிறகு முறுக்குங்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுதான் அளவு.

இப்போது ஃபெண்டர் டேப்புகளைப் பார்த்து மறுபடி அளக்கவும். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு ஸ்பிரிங் படியில் உட்காரவில்லை, அல்லது இடம் மாறிவிட்டது.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

ஒரு முன்சக்கரத்துக்கும் அதன் எதிர்மூலைப் பின்சக்கரத்துக்கும் அடியில் கட்டையோ சரிவுப் பலகையோ வைத்து வண்டியை ஏற்றி நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்கே உரசுகிறது, எந்த ஹோஸ் விறைக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் பக்கச் சுவர் ஆர்மைத் தொட்டால் ஸ்டீயரிங் ஸ்டாப்பைச் சரிசெய்ய வேண்டும். பிரேக் ஹோஸ் விறைத்தால் பிராக்கெட்டைத் தாழ்த்தலாம், அதுவும் போதாவிட்டால் நீள ஹோஸ். பிரேக் லைனைத் திறந்திருந்தால் காற்றை முழுதாக வெளியேற்றாமல் சக்கரம் உருளக் கூடாது.

லிஃப்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் வீல் சற்றுக் கோணலாக நிற்கும். வீலைக் கழற்றி நேராக மாட்டுவது சரியான வழியல்ல. டிராக் லிங்க்கின் லாக் நட்டை இளக்கி அதன் நீளத்தைத் திருகி நேராக்க வேண்டும். கோணலாகவே ஓட்டினால் ஸ்டீயரிங் கோண சென்சார், வண்டி திரும்பிக்கொண்டிருப்பதாக நினைத்து ஈ.எஸ்.பி. விளக்கை எரிய விடும். தேவையில்லாத நேரத்தில் ஒரு சக்கரத்தின் பிரேக்கையும் பிடிக்கலாம்.

அலைன்மென்ட் கடையில் பொதுவாக டோ மட்டும் சரிசெய்து அனுப்புவார்கள். முழு ஆக்சிலில் திருகி மாற்றக்கூடியதும் அது ஒன்றுதான். ஆனாலும் காஸ்டரை அளந்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். லிஃப்ட்டுக்கு முன்பே ஒருமுறை அளந்து வைத்திருந்தால் ஒப்பிட உதவும். இரண்டு பக்கத்துக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு புஷ் தவறாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஹெட்லைட்டையும் தாழ்த்திக்கொள்ளுங்கள், எதிரே வருபவரின் கண்ணை நினைத்து.

முதல் ஓட்டம் காலியான சாலையில், 60 கி.மீ.க்குள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் அதிர்வு இருக்கிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா என்பதைக் கவனியுங்கள். பிறகு மெல்ல வேகத்தைக் கூட்டலாம். உயரம் கூடிய வண்டி வளைவில் அதிகம் சாயும், திடீரென்று ஒதுக்கினால் முன்பைவிட எளிதில் கவிழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பு இறங்கிய வேகத்தில் இனி இறங்கக் கூடாது. குடும்பத்தில் வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டுவதாக இருந்தால், சாவியைக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுங்கள்.

புதிய ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் சில மி.மீ. இறங்கி நிலைக்கும், அது இயல்பு. போல்ட்டுகளும் அதோடு சேர்ந்து இளகும். முதல் 100 கி.மீ. முடிவதற்குள் ஒருமுறை, பிறகு 500 கி.மீ.இல் ஒருமுறை, தடத்தில் ஓட்டித் திரும்பிய ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் படுத்து ஷாக், ஆர்ம், பான்ஹார்ட், டிராக் லிங்க் போல்ட்டுகள் அத்தனையையும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதியுங்கள். இந்த அரைமணி நேரம் ஒதுக்க முடியாதவர் லிஃப்ட் போட வேண்டாம்.